மூன்று பிரதிகளில் ஒரு மலை

நடப்பதற்கு அனுமதி வாங்க வேண்டும் என்று எனக்கு முப்பத்தெட்டு வயது வரை தெரியாது. தெரியாமலேயே நடந்துகொண்டிருந்தேன். சிதம்பரத்தில் என் குடைக் கடையிலிருந்து பள்ளிவாசலுக்கு, பள்ளிவாசலிலிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து மறுபடியும் கடைக்கு. எவனும் நிறுத்தி ஃபாரம் கேட்டதில்லை. 1963-ஆம் வருஷம் ஜூலை மாதம் என் மச்சான் ரஃபியுதீன் புண்ணியத்தில் எனக்கு அந்த அறிவு வந்து சேர்ந்தது.

ரஃபியுதீன் என் தங்கை ஜெய்னப்பின் கணவர். கடலூர் முதுநகர்க்காரர். பினாங்கில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், நாலு மாசம் இருப்பார், நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் போய்விடுவார். போன இடத்திலிருந்து கடிதம் வரும். நலம் விசாரிப்பு ரெண்டு வரி, மீதி முழுக்க மலை. அவர் தங்கியிருக்கும் அறையின் ஜன்னலைத் திறந்தால் மலை தெரியுமாம். காலையில் அதன்மேல் மேகம் உட்கார்ந்திருக்குமாம். பத்து மணிக்கு எழுந்து போய்விடுமாம். மனுஷன் துணி விற்கப் போனாரா மேகத்துக்கு வருகைப் பதிவு எடுக்கப் போனாரா என்று எனக்கே சந்தேகம்.

ஜெய்னப் மலையைப் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் மலைக்கு எங்கே போவது? சிதம்பரத்தில் பிறந்தவளுக்கு உயரம் என்றால் கோபுரம். கடலூருக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு கலங்கரை விளக்கம். கேப்பர் மலை என்று கடலூரில் ஒன்று இருக்கிறது. அதில் சைக்கிளை மிதித்தே ஏறிவிடலாம். மலை என்று பேர் வைத்த வெள்ளைக்காரர் கப்பலில் வந்த களைப்பில் வைத்திருப்பார்.

"நீங்க தெனம் பாக்குறத நானும் ஒரு தடவ பாத்துட்டேன்னா, கடுதாசி படிக்கும்போது கண்ணுக்குள்ள வரும்ல" என்று அவள் கல்யாணமான முதல் வருஷமே கேட்டாள். அடுத்த தடவை, அடுத்த தடவை என்று ரெண்டு பயணம் ஓடிவிட்டது. இந்தத் தடவை கப்பலுக்கு இருபத்தாறு நாள் இருக்கும்போது ரஃபியுதீன் முடிவெடுத்துவிட்டார். கல்வராயன் மலையில் பனிமேடு என்று ஓர் ஏரி. அதைச் சுற்றி ஒரு பூங்கா. அடிவாரத்திலிருந்து காலையில் நடக்க ஆரம்பித்தால், மதியம் ஏரிக்கரையில் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் இறங்கிவிடலாம். துணைக்கு நான்.

"ஒரே நாள் வேலைதான மச்சான்" என்றார். அந்த வார்த்தையை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அடிவாரத்தில் நடைபாதை ஆரம்பிக்கும் இடத்தில் அனுமதிச் சீட்டு காட்ட வேண்டும், அந்தச் சீட்டு கடலூர் மஞ்சக்குப்பத்தில் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். மலைக்கும் மஞ்சக்குப்பத்துக்கும் எண்பது மைல். அதனால் என்ன? 'பனிமேடு ஏரிப் பூங்கா நடைபாதை அனுமதி வாரியம்' என்று பெரிய போர்டு மாட்டி, ஒரு பழைய பங்களாவின் மாடியில் ஆபீஸ் நடந்துகொண்டிருந்தது. உள்ளே ரெண்டே பேர். டைப்பிஸ்ட் சவரியம்மாள், ஐம்பது வயதுக்காரம்மா. உள் அறையில் அனுமதி அலுவலர் ஞானசேகரன். அவருடைய மேஜைக்குப் பின்னால் சுவரில் மலைப் படம் ஒன்று தொங்கியது. அது எந்த மலை என்று நான் விசாரித்தேன். காலண்டரோடு வந்தது என்றார்.

நாங்கள் வந்த விஷயத்தைச் சொன்னதும் ஞானசேகரன் எழுந்து நின்றுவிட்டார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாய், மலைங்கிறது லேசுப்பட்ட சமாச்சாரம் இல்ல. கீழேருந்து மேல போவுது. மேலேருந்து கீழ வருது. பப்ளிக்குக்கு இது புரியறதில்ல. இந்த வாரியம் ஆரம்பிச்சு நாலு வருஷம் ஆச்சு. ஒரு ஆக்சிடென்ட் கிடையாது. ஒருத்தர் தடுக்கி விழல, ஒருத்தர் தண்ணியில இறங்கல. இப்பிடி ஒரு ரெக்கார்டு வேற எந்த மலைக்காவது இருக்கா, சொல்லுங்க?"

"இதுவரைக்கும் எத்தன பேரு சார் போயிருக்காங்க?" என்று கேட்டார் ரஃபியுதீன்.

"அதத்தான சொல்றேன். ஒருத்தர்கூட விழல."

சவரியம்மாள் பதினோரு பக்க ஃபாரம் ஒன்றைக் கொடுத்தார். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தோம். 'விண்ணப்பதாரர் இதற்கு முன் நடந்ததுண்டா? உண்டெனில் எங்கிருந்து எங்கே?' என்று ஒரு கேள்வி. ரஃபியுதீன் நியாயமான மனுஷன், ஞாபகத்துக்கு வந்த வரைக்கும் எழுதினார். 'ஏரியைப் பார்க்க வேண்டிய அவசியம் யாது?' என்று இன்னொன்று. 'மனைவி ஆசைப்பட்டாள்' என்று எழுதினார். ஞானசேகரன் அதைச் சிவப்பு மசியால் அடித்தார்.

"ஆசை அவசியத்துல வராது பாய். 'சுகாதாரம்'னு போடுங்க."

"எங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லீங்களே?"

"அதான் சுகாதாரம்."

கடைசிப் பக்கக் கேள்வியை ஜெய்னப் தானே எழுதுவதாக வாங்கிக்கொண்டாள். 'ஏரியைக் கண்டபின் விண்ணப்பதாரருக்கு ஏற்படக்கூடிய மகிழ்ச்சி: சிறிது / மிதம் / அதிகம். வேண்டாததை அடிக்கவும்.' அவள் முதல் ரெண்டையும் ஒரே இழுப்பில் அடித்தாள். அந்த ஓர் இழுப்பு எங்களுக்கு எவ்வளவு நாளைத் தின்னப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

முதலில் ஏற்ற ஒத்திகை. மலை ஏறத் தகுதி உண்டா என்று வாரியம் தன் கண்ணால் பார்க்க வேண்டும். மலைக்குப் போய்ப் பார்க்க அனுமதி கிடையாது, ஏனென்றால் ஒத்திகை முடிந்தால்தான் அனுமதி. அதனால் ஆபீஸ் மாடிப்படி. மாடி பதின்மூன்று அடி உயரம், மலை இரண்டாயிரத்து அறுநூறு அடி. இருநூறு தடவை மாடி ஏறினால் மலை ஏறின மாதிரி என்று ஞானசேகரன் பென்சிலால் போட்டுக் காட்டினார். கணக்கில் தப்பு இல்லை. அதுதான் அந்த ஆபீஸின் விசேஷம், கணக்கில் எப்போதுமே தப்பு இருக்காது.

ரஃபியுதீன் ஏறினார், இறங்கினார், ஏறினார். ஜெய்னப் வெள்ளைத் துப்பட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஏறினாள். நானும் துணைக்குப் போகிறவன் என்பதால் ஏறினேன், எனக்கு இதெல்லாம் தலையெழுத்தா சொல்லுங்கள். 'மலையேறுவோருக்கு வழிவிடவும்' என்று படிக்கட்டில் ஒரு அட்டை மாட்டினார்கள். கீழே வெற்றிலைக் கடைக்காரர் தினமும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எங்களைப் பார்த்தார்.

நாலாம் நாள் நூற்றி நாற்பதாவது தடவை ரஃபியுதீன் மேலே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது ஞானசேகரன் பதிவேட்டோடு வெளியே வந்தார். முகம் சரியில்லை.

"பாய், ஒரு சிக்கல். நீங்க ஏறுனது நூத்தி நாப்பது. எறங்குனது நூத்தி முப்பத்தொம்போது. கூட்டிக் கழிச்சா நீங்க ஒரு மாடிதான் ஏறியிருக்கீங்க."

ரஃபியுதீன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஜெய்னப் சிரிப்பை அடக்கத் துப்பட்டியை வாயில் கடித்துக்கொண்டாள்.

"அப்ப என்னதான் சார் பண்ணணும்?" என்று நான் கேட்டேன்.

"எறங்காம இருநூறு தடவ ஏறணும்."

சவரியம்மாள்தான் காப்பாற்றினார். டைப் அடிப்பதை நிறுத்தாமலேயே, "சார், நம்மகிட்ட ஏத்தப் பதிவேடு மட்டும்தான் இருக்குது. எறக்கப் பதிவேடு இன்னும் தொறக்கல. பதிவே இல்லாதத எப்பிடிக் கழிக்கிறது?" என்றார். ஞானசேகரன் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆமாம், ரெக்கார்டுபடி இவுங்க எறங்கவே இல்ல" என்று ஒப்புக்கொண்டார். இன்றைக்கும் அந்த ஆபீஸ் ரெக்கார்டுபடி நாங்கள் மூன்று பேரும் மேலேதான் இருக்கிறோம்.

மீதி அறுபதையும் ஏறி முடித்தோம். அடுத்தது கட்டுச்சோறு. ஏரிக்கரையில் என்ன சாப்பிடப் போகிறோமோ அதன் மாதிரியை மூன்று பிரதிகளில் சமர்ப்பிக்க வேண்டும். மூன்று பிரதி என்று ஃபாரத்தில் படித்துவிட்டு ஜெய்னப் மூன்று தடவை என்னிடம் கேட்டாள், "சோத்தயாண்ணே? சோத்தயா?" என்று. அதே சோற்றைத்தான். தேங்காய்ச் சோறு, வறுத்த வஞ்சிரம், எலுமிச்சை ஊறுகாய். வஞ்சிரம் அன்று காலை தேவனாம்பட்டினத்தில் கரைக்கு வந்தது. மூன்று வாழையிலைப் பொட்டலம் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் ரஃபியுதீன் கையெழுத்துப் போட்டார்.

முதல் பிரதி அலுவலருக்கு. ஞானசேகரன் பிரித்துப் பார்த்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார்.

"நான் சுத்த சைவம், பாய். எங்க வீட்டுல முட்டைகூட வராது. ஆனா கடமைன்னு வந்துட்டா நம்ம சொந்த அபிப்பிராயத்துக்கு எடம் இல்ல பாருங்க."

மீனை முதலில் பரிசோதித்தார். சோற்றை அப்புறம் பரிசோதித்தார். பிறகு இன்னொரு தடவை மீனைப் பரிசோதிக்க வேண்டியிருக்கிறது என்று சவரியம்மாளின் இரண்டாவது பிரதியிலிருந்து பாதித் துண்டை வாங்கிக்கொண்டார். சவரியம்மாள் மீதியைச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்குதும்மா, ஊறுகா கொஞ்சம் ஜாஸ்தி" என்று குறிப்பு எழுதினார். மூன்றாவது பிரதியை ஃபைலில் வைத்து நாடாவால் கட்டி அலமாரியில் பூட்டினார்கள்.

ஜூலை மாத வெயில். மூன்றாம் நாள் நாங்கள் போகும்போது வாரியத்தின் வாசலில் ஏழெட்டுப் பூனைகள் மனுக் கொடுக்க வந்தவை மாதிரி உட்கார்ந்திருந்தன. ஞானசேகரன் மூக்கில் கைக்குட்டையோடு, "மாதிரி கெட்டுப்போச்சு பாய், மறுபடி சப்மிட் பண்ணுங்க" என்றார். பண்ணினோம். அதுவும் கெட்டது. மூன்றாம் தடவை, "இந்தத் தடவ ஃபைல் காப்பியையும் நானே நேர்ல பரிசோதிச்சுடுறேன்" என்று பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டார்.

இதற்குள் கப்பலுக்குப் பத்து நாள்தான் பாக்கி. ஜெய்னப் தினமும் காலண்டரில் தேதி கிழிக்காமல் விட்டுவிடுவாள். கிழித்தால் குறையுமாம். அவள் பார்க்காத நேரத்தில் நான்தான் கிழித்தேன், எனக்கு மட்டும் சந்தோஷமா?

கடைசியாக ரசிப்பு ஒத்திகை. மகிழ்ச்சி 'அதிகம்' என்று எழுதினவர்களுக்கு இது கட்டாயம். அதிக மகிழ்ச்சியில் தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் ரெக்கார்டு என்ன ஆவது? ஆபீஸ் நடுவில் ஒரு அண்டாவை வைத்துத் தண்ணீர் நிரப்பினார்கள். ஒரு கஜம் தள்ளி ஜெய்னப் உட்கார்ந்து அரைமணி நேரம் அதை ஏரி என்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஞானசேகரன் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைக் கவனித்தார்.

முதலில் அவள் சும்மாதான் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் ஜன்னல் வழியாக வெயில் அண்டாவில் விழுந்து, தண்ணீரின் நிழல் சுவரில் இருந்த காலண்டர் மலைமேல் அசைந்தது. அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பாவம், அண்டாவைப் பார்த்தே இப்படி என்றால் ஏரியைப் பார்த்தால் எப்படி இருப்பாள் என்று எனக்கு மனசு என்னமோ பண்ணியது.

ஞானசேகரன் கடிகாரத்தை மூடினார். "ரொம்ப ரசிச்சுட்டாங்க பாய். இவ்வளவு ஆகாது. இத நான் தனியா முடிவு பண்ண முடியாது, அனுமதிக் குழுவுக்கு வைக்கணும். குழு அடுத்த மாசம் ரெண்டாவது வியாழக்கிழம கூடும்."

"எனக்கு இருபத்தெட்டாந் தேதி கப்பல் சார்" என்றார் ரஃபியுதீன்.

"கப்பல் வேற டிபார்ட்மென்ட்."

என் மச்சான் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன். "மூணு வருஷம் கழிச்சுத்தான் சார் திரும்பி வருவேன்! ஒரு பொம்பள ஒரு மலையப் பாக்கணும்னு ஆறு வருஷமாக் கேக்குறா. அவள மாடிப்படி ஏற வச்சீங்க, மீன் வறுக்க வச்சீங்க, அண்டாவப் பாக்க வச்சீங்க. நீங்க மனுஷன்தானா? மொதல்ல நீங்க அந்த மலையப் பாத்திருக்கீங்களா?"

டைப் மிஷின் சத்தம் நின்றது. ஞானசேகரன் மேஜைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார். "விதிகளப் பூராவும் படிச்சவனுக்கு மலையப் பாக்க வேண்டிய அவசியம் இல்ல" என்றார். ஆனால் காது சிவந்துவிட்டது. நாங்கள் படி இறங்கி வந்துவிட்டோம், பதிவு இல்லாமலேயே.

எங்கள் ஆட்கள் கடல் தாண்டிப் போகும்போது 'பயணம் சொல்வது' என்று ஒன்று உண்டு. கப்பலுக்கு நாலைந்து நாள் முன்பு வீடு வீடாகப் போய், "பயணம் போறேன், தெரிஞ்சோ தெரியாமலோ மனசு நோகப் பேசியிருந்தா பொறுத்துக்கங்க" என்று சொல்லிக்கொள்ள வேண்டும். கேட்பவர், "பொறுத்துக்கிட்டேன், நீங்களும் என்னைப் பொறுத்துக்கங்க" என்பார். அவ்வளவுதான். மனஸ்தாபத்தை மூட்டை கட்டிக்கொண்டு கடலில் போகக் கூடாது. ரஃபியுதீன் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஜெய்னப் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

"எல்லாருக்கும் சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு."

"நீங்க இந்தத் தடவ வாய்விட்டுத் திட்டுனது ஒரே ஒருத்தரத்தான். அவருகிட்டச் சொல்லலியே."

"அந்த ஆளுகிட்டயா!" என்று நான் குதித்தேன். "நாம கேக்குறதா மன்னிப்பு? அவன் கேக்கணும்!"

"அவரு கேக்குறதும் கேக்காததும் அவரு பாடுண்ணே. கடல்ல போறது இவுங்க" என்றாள்.

மறுநாள் மூன்று பேரும் போனோம். ரஃபியுதீன் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "சார், பயணம் போறேன். அன்னிக்குக் கோவத்துல பேசிட்டேன், பொறுத்துக்கங்க" என்றார். ஞானசேகரனுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த மாடிக்கு வந்தவர்கள் எல்லாரும் அனுமதி கேட்டுத்தான் வந்திருக்கிறார்கள். மேஜை இழுப்பறையைத் திறந்து பார்த்தார். அலமாரியைத் திறந்து பார்த்தார். அப்படி ஒரு ஃபாரம் இல்லை.

"பாய், மன்னிப்புன்னா... அதுக்கு நீங்க குற்றத்த எழுத்து மூலமா ஒத்துக்கணும். அது குற்றமா இல்லையான்னு நாங்க பாக்கணும். குற்றம் இல்லன்னு தெரிஞ்சா மன்னிக்க முடியாது. குற்றம்னு தெரிஞ்சா மேலிடத்துக்குத்தான் அதிகாரம்."

"ஒரு வார்த்த சொன்னாப் போதும் சார்."

"வாய் வார்த்தைக்கு நம்பர் போட முடியாதே பாய்" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்த மாதிரி எனக்குப் பட்டது. "சரி, பரிசீலனையில இருக்கு" என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி அதன்மேல் கண்ணாடிக் குண்டை வைத்தார்.

சவரியம்மாள் எழுந்து வந்து ரஃபியுதீனிடம், "நான் பொறுத்துக்கிட்டேன் தம்பி. நீங்களும் என்னப் பொறுத்துக்கங்க. நல்லபடியாப் போயிட்டு வாங்க" என்றார். எங்களோடு படி இறங்கி வாசல் வரை வந்தார். ஜெய்னப்பின் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"இங்க இருக்கிற விதி அத்தனையும் நான் டைப் அடிச்சது. அனுமதி வாங்குறவங்க என்னென்ன செய்யணும்னு நாப்பது பக்கம் இருக்குது. அனுமதி வாங்காதவங்களத் தடுக்கணும்னு ஒரு வரிகூட இல்ல. போட மறந்துட்டாங்க. கள்ளக்குறிச்சி பஸ்ஸு காலையில அஞ்சரைக்கு."

நாங்கள் அந்த பஸ்ஸில் போனோம். கள்ளக்குறிச்சியில் என் சின்னம்மா மகன் வீட்டில் தங்கி, மறுநாள் விடிந்ததும் அடிவாரம். நடைபாதை ஆரம்பிக்கும் இடத்தில் குறுக்கே ஒரு மூங்கில் கழி கட்டியிருந்தது. கழிக்கு ரெண்டு பக்கமும் வேலி கிடையாது, ஆடு மாடெல்லாம் பக்கவாட்டில் தாராளமாகப் போய்வந்துகொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு குடிசை. அதிலிருந்து காக்கிச் சட்டை போட்ட ஒருவர் பொத்தானை மாட்டிக்கொண்டே ஓடி வந்தார். பாதைக் காவலர் ஆண்டி.

"ஆபீசுலேருந்து வந்தீங்களா?"

"இல்லீங்க, ஏரியப் பாக்க வந்தோம்" என்றார் ரஃபியுதீன்.

"பாக்கவா?" அவர் எங்களைச் சுற்றி வந்து பார்த்தார். "நாலு வருஷத்துல இதான் மொதத் தடவ. சீட்டு இருக்குதா?"

"இல்ல."

"நல்லதாப் போச்சு. சீட்டு வச்சிருக்கிறவங்கள என்னென்ன கேக்கணும்னு ஒரு புத்தகமே குடுத்திருக்காங்க, எனக்குப் படிக்க வராது. சீட்டு இல்லாதவங்களுக்கு ஒண்ணும் எழுதல. போங்க போங்க, வெயிலுக்கு முன்னால ஏறிடுங்க." கழியை அவிழ்க்கப் போனார். முடிச்சு இறுகிப்போய்க் கிடந்தது. நாங்கள் மாடு போகும் வழியில் போனோம்.

மாடிப்படி ஏறினது வீண் போகவில்லை என்பதை நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஜெய்னப் மூச்சு வாங்காமல் முன்னால் போனாள். பாதை மூங்கில் காட்டுக்குள் திரும்பித் திரும்பிப் போயிற்று. ஒவ்வொரு திருப்பத்திலும் "இதுதானா, இதுதானா" என்று கேட்டுக்கொண்டே போனவள், கடைசித் திருப்பத்தில் கேட்கவில்லை. நின்றுவிட்டாள்.

ஏரி அசையாமல் கிடந்தது. அதற்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் இன்னொரு மலை, அதன்மேல் மேகம் உட்கார்ந்திருந்தது. ரஃபியுதீன் கடிதத்தில் எழுதுவாரே, அதே மாதிரி. ஜெய்னப் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையில் உட்கார்ந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதையா ரெண்டு பக்கத்துல எழுதுனீங்க? இது அடங்குமா அதுல?" என்று புருஷனைக் கேட்டாள்.

"எனக்கு எழுதத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றார் அவர்.

"இனிமே மலையப் பத்தி எழுதாதீங்க. அதான் எனக்குத் தெரியுமே. நீங்க சாப்பிட்டீங்களா, தூங்குனீங்களான்னு எழுதுங்க."

கல் பொறுக்குகிற மாதிரி நான் தள்ளிப் போய்விட்டேன். திரும்பி வரும்போது பத்து மணி இருக்கும், மேகம் எழுந்து போய்க்கொண்டிருந்தது. மனுஷன் பொய் எழுதவில்லை.

மதியம் பொட்டலத்தைப் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் மூன்று இருந்தது. ஜெய்னப் பழக்கதோஷத்தில் மூன்று பிரதி கட்டிவிட்டாள். மிச்சத்தைக் கீழே கொண்டுவந்து ஆண்டிக்குக் கொடுத்தோம். அவர் சாப்பிட்டுக்கொண்டே ஒரு நோட்டைக் காட்டினார். வந்தவர்கள் எண்ணிக்கையை மாசாமாசம் எழுதி அனுப்பும் நோட்டு. நாலு வருஷமும் பூஜ்யம். ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் கடலூரிலிருந்து ஒரு பாராட்டுக் கடிதம் வந்திருந்தது, அசம்பாவிதமின்றி நடத்தியமைக்கு.

"இப்ப மூணுன்னு எழுதணுமாம்மா?" என்று கவலையோடு கேட்டார்.

"வேணாங்க, பூஜ்யம்னே எழுதுங்க" என்றாள் ஜெய்னப். "யாரும் கீழ விழலதான."

இருபத்தெட்டாந் தேதி கப்பல் போயிற்று. கரையில் நிற்கும்போது அவள் அழுதாள்தான், ஆனால் முந்தின தடவைகள் மாதிரி இல்லை. என்னோடு சிதம்பரத்துக்கு வந்து சில மாசம் இருந்தாள். செப்டம்பரில் வாரியத்திலிருந்து ரெண்டு கடிதம் சேர்ந்து வந்தன. ஒன்று, கட்டுச்சோற்று மாதிரி கோப்பில் காணப்படாததால் பனிமேடு செல்ல அனுமதி மறுக்கப்படுகிறது. இன்னொன்று, ரஃபியுதீனின் மன்னிப்புக் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு ஓராண்டு காலத்துக்கு மன்னிப்பு வழங்கப்படுகிறது, ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ரெண்டாவதை நான் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டினேன்.

அதற்குக் கீழே ஒருநாள் மத்தியானம் ஞானசேகரனே வந்து நின்றார்.

கையில் குடை இல்லை, ஃபைல் இல்லை. "பாய், எனக்கு மாத்தல். நாலு வருஷம் ஆக்சிடென்ட் இல்லாம நடத்துனதுக்காகப் பதவி உயர்வு. பனிமேட்டுலயே போட்டுட்டாங்க. மலைமேல" என்றார். சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. கடையை ஒட்டித்தான் வீடு. சத்தம் கேட்டு ஜெய்னப் கதவோரம் வந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் அவர் கையைக் கட்டிக்கொண்டார். ரஃபியுதீன் கட்டிக்கொண்டு நின்றாரே, அதே மாதிரி.

"அம்மா, நான் பயணம் போறேன். மனசு நோக நடந்திருக்கேன். பொறுத்துக்கங்க."

இந்த ஆள்மேல் மூன்று மாசமாக வைத்திருந்த கோபம் எனக்கு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஜெய்னப், "பொறுத்துக்கிட்டோம் சார். நீங்களும் எங்களப் பொறுத்துக்கங்க" என்றாள். ஒரு ஃபாரம் இல்லாமல் விஷயம் முடிந்துவிட்டது. அவருக்கே அது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். பிறகு தயங்கித் தயங்கி, "ஏம்மா, அங்க எப்பிடி இருக்கும்? ஏறும்போது ரொம்பப் பயமா இருக்குமா? நான் ஒசரமே ஏறுனதில்ல. நீங்க போயிருப்பீங்கன்னு சொல்ல வரல. பொதுவாக் கேக்குறேன்" என்றார்.

ஜெய்னப் முகத்தைக் கொஞ்சமும் அசைக்கவில்லை.

"எங்களுக்குத்தான் அனுமதி கெடைக்கலையே சார். போகாத எடத்தப் பத்தி சும்மா எப்பிடிச் சொல்றது? ஒரு மனு எழுதிக் குடுங்க. மூணு பிரதி."

அந்த மனுஷன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தே விட்டார். நான் பழைய நோட்டிலிருந்து மூன்று தாள் கிழித்துக் கொடுத்தேன். என் கடை மேஜைமேல் குனிந்து எழுதினார். 'மலையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம்' என்று தலைப்புப் போட்டு, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'பயமாக இருக்கிறது' என்று எழுதி அவளிடம் நீட்டினார்.

ஜெய்னப் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"பயம் அவசியத்துல வராது சார். 'சுகாதாரம்'னு போடுங்க."

ஞானசேகரன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். ஜெய்னப் உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். பிறகு கதவோரம் உட்கார்ந்து, அடிவாரத்து மூங்கில் கழியிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு திருப்பமாக அவருக்கு அந்த மலையைச் சொன்னாள். அவர் போகும்போது நான் ஒரு குடை கொடுத்தேன், மேலே மழை ஜாஸ்தி என்று.